அறுபது மீட்டர்

பகலெல்லாம் என் வேலை
ஓடாதே என்று சொல்வது.
மிசையீத் ஆலையில், ஐந்து மொழியில்,
மஞ்சள் பலகையில், சில நாள் தொண்டையில்.
படியில் கைப்பிடியைப் பிடி.
முனையில் நின்று பார். ஓடாதே.
பத்தொன்பது வருஷமாக
யாரையும் ஓடவிடாததற்குத்தான் சம்பளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்
தோஹாவின் உள்ளரங்கில்
ஆணி ஷூவின் நாடாவுக்கு
இரட்டை முடிச்சுப் போடுகிறேன்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே மீன் வைக்கும் பெட்டியின் குளிர்.
தரையிலிருந்து புது டயர் வாசம்,
தொடைகளிலிருந்து
நாட்டுக்கொரு தைலத்தின் வாசம்.

ஐம்பத்தைந்துக்கு மேல், ஆண்கள், எட்டுப் பாதை.
மூன்றில் ரோமெல், ஓட்டல் சமையல்காரர்,
நரைக்கவே தெரியாதவர்.
நான்கில் பள்ளிப் பேருந்து ஓட்டும்
சூடான்காரர் பாகி. அறுபத்துமூன்று. நெடுங்கால்.
ஆறில் ஒரு ஜெர்மானியர்,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டுகிறார்.
ஐந்தில் நான். மார்பில் 214,
அதன் கீழே பெயர்.
தொபியாஸ் என்பதைத்
தோபாஸ் என்று அச்சடித்துவிட்டார்கள்.
போகட்டும்,
தோற்றால் அவன் தோற்றதாக இருக்கட்டும்.

குனிவதுதான் முதல் போட்டி.
ஒரு முட்டி, சற்று யோசித்து மற்ற முட்டி.
எதிரே பார்த்தால் கோடு தெரிகிறது.
கோட்டுக்குப் பின்னால் சுவர் தெரிகிறது.
சுவரில் நீல மெத்தை சாய்த்திருக்கிறார்கள்.
ஓடுவதற்கு அறுபது மீட்டர் கொடுத்தவர்கள்
நிற்பதற்குப் பதினைந்துதான் கொடுத்தார்கள்.
என் ஆலையாக இருந்தால்
சிவப்புப் பேனாவில் எழுதியிருப்பேன்.

செட்.

இடுப்பை உயர்த்தி எட்டுக் கிழவர்கள்
கட்டிலுக்கடியில் எதையோ தேடுகிறவர்கள் போல் நிற்கிறோம்.
என் இடது முழங்கை துடித்தது.
துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது.
நடுவர் யூனுஸ் அட்டையோடு வந்தார்,
என் பேரன் வயதுக்குச் சற்று மேல்.
'என்ன அவசரம், சித்தப்பா?' என்றார் அரபியில்.
எங்கள் வயதுக்கு
ஒரு தவறை மன்னித்துவிடுகிறார்கள்.
சலுகையா அவமானமா என்று யோசிக்க நேரமில்லை.

மறுபடி குனி. மறுபடி அந்த முட்டி.

இந்தமுறை சத்தத்துக்குப் பிறகுதான் கிளம்பினேன்,
நன்றாகவே பிறகு.
பாகியின் முதுகு அதற்குள்
கொடியில் காயும் யாருடையதோ சட்டை.
பத்து மீட்டர் தரையைப் பார்த்தேன்.
இருபதில் தலை நிமிர்ந்தது.
முப்பதில், இதை எப்படிச் சொல்ல,
கால் இருப்பதே தெரியவில்லை.
மூன்றே எட்டுதான்.
மூன்று எட்டுக்கு முட்டி இல்லை,
கொழுப்பு மாத்திரை இல்லை,
சின்னவளின் கல்லூரிக் கட்டணம் இல்லை.
காற்று மட்டும்,
அதுவும் நான் உண்டாக்கிய காற்று,
உள்ளே வேறு காற்று கிடையாது.

நாற்பதில் பின்தொடை நரம்பை
யாரோ சுண்டினார்கள்.
பக்கத்தில் ஜெர்மானியரின் மூச்சு
பழைய ஈருருளிப் பம்பு போல.
நெஞ்சைத் தள்ளினேன்,
தோபாஸையும் சேர்த்துத் தள்ளினேன்.

பிறகு மெத்தை.
முகம் புதைந்த நீலம், முந்தைய வியர்வைகள்.
ரோமெல் என் தோளில் இருமுகிறார்.
பாகி எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறார்,
தொற்றிக்கொண்டது.

பலகையில் விளக்கு எரிந்தது.
ஏழாவது, ஒன்பது புள்ளி எட்டு ஏழு.
எட்டாவது, ஒன்பது புள்ளி எட்டு எட்டு.
ஜெர்மானியர் வந்து கை குலுக்கினார்.
நூறில் ஒரு பங்கு நொடி.
ஓர் இமைகூட அதற்குள் மூடாது.
அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல்
ஐஸ் பையோடு
வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஞாயிறு காலை, ஆலை வாசல்.
'விபத்தின்றி 412 நாட்கள்.'
அதன் கீழே நொண்டாமல் நடந்தேன்.
கேட்டால் செருப்புக் கடி.
வேலைக்கு வெளியே பிசகிய தசை
கணக்கில் வராது, விதி நானே எழுதியது.

இரவு ஷிஃப்ட் முடிந்த பையன் ஒருவன்
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கிளம்பும் பேருந்தைப் பிடிக்க
என் மஞ்சள் பலகையைத் தாண்டி ஓடினான்.
முட்டி நன்றாக உயர்கிறது.
தோளில் இறுக்கமில்லை.
கை மட்டும் குறுக்கே வீசுகிறது, திருத்திவிடலாம்.
விசில் என் வாயில்தான் இருந்தது.

அவன் படியில் கால் வைத்த பிறகு
ஊதினேன்.